தலைகீழாப் போட்டுப் பெருக்கு

மடியில வச்சிருக்கது மேக்ஸ் கைடுதானே சார்? பஸ்ல ஏறி நீங்க பக்கத்துல உக்காந்ததுமே அட்டையைப் பாத்துட்டேன். பையனுக்கா? ஏழாவதா. சரி, வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்கக் கூடாது. கைடு, ட்யூஷன், யூடியூப்பு இதெல்லாம் தகப்பன் சரியில்லாத வீட்டுக்குத்தான். என் வீட்டு வாசப்படியைக் கைடு மிதிச்சதே இல்ல. நானே கைடு.

பேரு பூவலிங்கம். இங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு நூல் மில்லுல ஸ்டோர்ஸ் கிளார்க்கு. கிளார்க்குன்னதும் லேசா நெனைச்சுராதீங்க. ப்ளஸ் டூ கணக்குல நூத்தி எழுபத்தி மூணு. இருநூறுக்கு. அந்தக் காலத்து நூத்தி எழுபத்தி மூணு சார். இப்ப போடுற மார்க்குக்கு அது இருநூத்தம்பதுக்குச் சமம். ஒன்பது மார்க்குல இன்ஜினியரிங் போச்சு. பேப்பர் திருத்துனவன் சரியில்ல. போகட்டும், விடுங்க.

ஒரே பொண்ணு. கோதை. அவ ஆறாவது போன அன்னைக்கே சொல்லிட்டேன், கணக்கு மட்டும் அப்பாகிட்டத்தான்னு. மத்த பாடத்தை யார்கிட்ட வேணும்னாலும் படிச்சுக்கோ, அதெல்லாம் கதைதானே. டெய்லி சாயங்காலம் அஞ்சரைக்கு மில்லுலருந்து வருவேன், காப்பி குடிப்பேன், ஹால்ல ஃபேனுக்கு அடியில சேரைப் போட்டு உக்காருவேன். அவ கீழ பாய்ல. ஆரம்பிச்சுருவோம். என் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். பக்கத்து வீட்டு பேங்க்காரர் ஜன்னலைச் சாத்துவார். பொறாமை.

முதல்ல பின்னம். அரையைக் காலால வகுக்கணும். என்ன செய்யணும்? காலைத் தலைகீழாப் போடு, பெருக்கு. விடை ரெண்டு. முடிஞ்சுபோச்சு. இந்தப் புள்ள கேக்குது, "ஏன்ப்பா தலைகீழாப் போடணும்?" பாருங்க, பத்து வயசுல கேள்வி. நான் சொன்னேன், "போடணும்னா போடணும். தலைகீழாப் போட்டுப் பெருக்கு." மறுபடியும், "வகுத்தா கொறையத்தானேப்பா செய்யணும், எப்படி ரெண்டாகும்?" ஸ்கேலை எடுத்து முட்டியில ஒரு தட்டு தட்டினேன். லேசாத்தான். அதுக்கே கண்ணுல தண்ணி.

அந்த நேரம் பாத்து என் வீட்டம்மா அடுப்படியிலருந்து வர்றா. பேரு செண்பகவடிவு. பத்தாவது ஃபெயிலு சார். எதுலன்னு நெனைக்கீங்க? கணக்குலதான். வேறெதுல ஃபெயிலாகியிருந்தாலும் என் தலையில கட்டியிருக்க மாட்டாங்க, எனக்குக் கணக்கு வரும்ங்கிறதாலதான் கட்டி வச்சாங்கன்னு நானே வேடிக்கையா சொல்லுவேன், வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் அடுப்படிக்குள்ள இருந்து சிரிப்பான்னு வச்சுக்கோங்களேன்.

கையில ஒரு சப்பாத்தி. அதைப் பாதியா பிச்சா. "கோதை, இது அரை சப்பாத்தி. இதுல எத்தனை கால் சப்பாத்தி இருக்கு?" அந்தப் புள்ள பாத்துட்டு "ரெண்டு"ங்குது. "அவ்வளவுதான், அதைத்தான் அப்பா கேக்காக"ன்னுட்டு அந்த ரெண்டு துண்டையும் அவ வாயில ஊட்டிட்டுப் போயிட்டா. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஏ வடிவு, பரீட்சைக்குச் சப்பாத்தி கொண்டு போக விடுவானான்னு கேட்டேன். அவ அடுத்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கிட்டிருக்கா.

அதுலருந்து ஒரு பழக்கம் வந்துபோச்சு அவளுக்கு. நான் பாடம் நடத்துற நேரம் பாத்து ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல நிலைப்படியில உக்காந்து வெங்காயம் உரிப்பா. மூணு பேரு உள்ள வீட்டுக்கு எவ்வளவு வெங்காயம் சார் வேணும்? டெய்லி ஒரு மணி நேரம் உரிப்பா. வேலையை இழுத்தடிக்கிறதுக்கு ஒரு வழின்னு நெனைச்சுக்கிட்டேன்.

எட்டாவதுல ஒரு கணக்கு. உங்க கைடுலயும் இருக்கும் பாருங்க. ஒரு குழாய் நாலு மணி நேரத்துல தொட்டியை நிரப்புது. இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்துல காலி பண்ணுது. ரெண்டையும் சேத்துத் திறந்தா எப்ப நிரம்பும்? நான் போர்டுல எழுதுறேன். ஆமா சார், போர்டு வாங்கி மாட்டியிருந்தேன். ஒன்றின் கீழ் நாலு, கழித்தல், ஒன்றின் கீழ் ஆறு, மீச்சிறு பொது மடங்கு எடு, அது இதுன்னு படிப்படியா போய்க்கிட்டிருக்கேன். கோதை முழிக்குது. நிலைப்படியிலருந்து சத்தம், "பன்னெண்டு மணி நேரம்."

திரும்பிப் பாத்தேன். வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே சொல்றா. "பன்னெண்டு மணி நேரத்துல இந்தக் குழாய் மூணு தொட்டி தண்ணி விடும். அந்தக் குழாய் ரெண்டு தொட்டியைக் காலி பண்ணும். மிச்சம் ஒரு தொட்டி."

கோதைக்கு மூஞ்சியெல்லாம் வெளிச்சம். "அம்மா!"ன்னு கத்துது. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். வடிவு, முனிசிபாலிட்டி தண்ணி பிடிச்சுப் பிடிச்சு உனக்குத் தொட்டி பழக்கம், அதனால குருட்டாம்போக்குல வந்துருச்சு. இது முறையில்ல. முறை இல்லாம விடை வந்தா அது விடையே இல்ல. மார்க்கு படிக்குத்தான், விடைக்கு இல்லன்னேன். "சரிங்க"ன்னா. அவகிட்ட ஒரு நல்ல குணம், எதைச் சொன்னாலும் சரிங்கதான்.

அந்த வருசம் ரெண்டு மூணு தடவை அம்மா வீட்டுக்குப் போறேன்னு மதுரைப் பக்கம் போயிட்டு வந்தா. நான் எதுக்குன்னு கேக்கல. நான் அப்படிக் கேக்குற ஆளு இல்ல.

பத்தாவதுல கோதை தொண்ணூத்தி ஒன்பது. நூத்துக்கு. மில்லு முழுக்க லட்டு கொடுத்தேன். மேனேஜர் கையைப் பிடிச்சு, "பூவலிங்கம், பொண்ணு உங்களை மாதிரியே"ன்னார். அந்த ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு வீட்டுல வந்து கேட்டேன். ரெண்டு நாள் அதைப் பத்தித்தான் பேச்சு. ஜியாமெட்ரியில ஒரு புள்ளிக்குப் பேரை மாத்தி எழுதிட்டாளாம். அலட்சியம். தாய் வழி.

பதினொண்ணுலதான் சார் கால்குலஸ் வருது. அதுலதான் பிரச்சினையே.

டிஃபரன்ஷியேஷன். எனக்குக் கைவந்த கலை. முப்பது வருசமாச்சு, ஆனாலும் கை மறக்குமா? எக்ஸ் ஸ்கொயர்னா டூ எக்ஸ். எக்ஸ் க்யூப்னா த்ரீ எக்ஸ் ஸ்கொயர். ரெண்டையும் பெருக்கி ஒரு கணக்கு வருது. எக்ஸ் ஸ்கொயர் இண்டு எக்ஸ் க்யூப். நான் சொன்னேன், இதை டிஃபரன்ஷியேட் பண்ணு, அதை டிஃபரன்ஷியேட் பண்ணு, ரெண்டையும் பெருக்கு, சிக்ஸ் எக்ஸ் க்யூப். அடுத்த கணக்குக்குப் போ.

அவ போகல. நோட்டையே பாத்துக்கிட்டிருக்கா. "அப்பா, முதல்லயே பெருக்கிட்டா எக்ஸ் பவர் ஃபைவ்தானே? அதை டிஃபரன்ஷியேட் பண்ணா ஃபைவ் எக்ஸ் பவர் ஃபோர்னுல்ல வருது? ஒரே கணக்குக்கு ரெண்டு விடை எப்படிப்பா?"

"அது வேற, இது வேற"ன்னேன்.

"எப்படிப்பா வேற?"

அப்பவும் நிதானமாத்தான் இருந்தேன். அவ சொல்றா, "ஜெசிந்தா டீச்சர் வேற மாதிரி சொல்லிக் கொடுத்தாங்கப்பா. முதல்ல உள்ளதை அப்படியே வச்சுக்கிட்டு ரெண்டாவதை டிஃபரன்ஷியேட் பண்ணணும், அப்புறம் ரெண்டாவதை வச்சுக்கிட்டு..." யாரு இந்த ஜெசிந்தா? நேத்து வேலைக்கு வந்த பொண்ணு. நான் நூத்தி எழுபத்தி மூணு. எனக்குக் கோவம் வந்துருச்சு. நோட்டை வாங்கி வீசிட்டேன். நான் வாசலைப் பாத்துத்தான் வீசினேன், அது பறந்து தெருச் சாக்கடையில விழுந்தா நான் என்ன செய்ய?

கோதை அழல. அதுதான் அதிசயம். பாயிலருந்து எந்திரிக்கவும் இல்ல. வடிவுதான் எறங்கிப் போய் கையை விட்டு எடுத்தா. தெருவே பாக்குது. தண்ணியில அலசி, ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சு, கொடியில துணி மாதிரி காயப் போட்டா. காஞ்சதுக்கப்புறமும் நாத்தம் போகல. புதுசா ஒரு நோட்டு வாங்கி, அந்த நூத்தி இருபது பக்கத்தையும் அவளே உக்காந்து எழுதிக் கொடுத்தா. பத்து நாள் எழுதினா. எழுத்து நல்லா இருக்கும், அதைச் சொல்லணும். மளிகை லிஸ்டே கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதுவா.

அன்னையிலருந்து கோதை என்கிட்ட கேள்வியே கேட்டதில்ல சார். சொன்னா "சரிப்பா"ங்கும். போடச் சொன்னதைப் போடும். எவ்வளவு மரியாதை பாருங்க. ஒரு வீச்சுல வந்துருச்சு.

ஆனா அந்த ஜெசிந்தாவை விட முடியுமா? பெத்தவங்க கூட்டம்னு பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க. லீவு போட்டுப் போனேன். வடிவு "நான் போயிட்டு வர்றேங்க"ன்னா. நீ போய் என்ன பேசுவேன்னுட்டேன். முப்பது பேர் உக்காந்திருக்காங்க. அந்த டீச்சர் ஒல்லியா, கண்ணாடி போட்டு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். நான் எந்திரிச்சுச் சொன்னேன், நீங்க சொல்லிக் கொடுக்குற பெருக்கல் விதி சுத்தி வளைக்குற விதி, நேர்வழி இருக்கும்போது எதுக்குப் பிள்ளைங்களை ஊரைச் சுத்த விடுறீங்கன்னு.

அவங்க சிரிக்கல. சாக்பீஸை எடுத்தாங்க. "சார், எக்ஸை டிஃபரன்ஷியேட் பண்ணா எவ்வளவு?"

ஒண்ணுன்னேன்.

"அப்ப எக்ஸ் இண்டு எக்ஸ், உங்க வழியில?"

ஒண்ணு இண்டு ஒண்ணு. ஒண்ணு.

"எக்ஸ் இண்டு எக்ஸ்னா எக்ஸ் ஸ்கொயர்தானே சார்? அதை டிஃபரன்ஷியேட் பண்ணா?"

டூ எக்ஸ்.

"எது சரி சார்?"

பின்னால யாரோ சிரிச்சாங்க. நான் அசரல. அது சிலபஸைப் பொறுத்ததுன்னேன். பழைய சிலபஸ்ல ஒண்ணு, புது சிலபஸ்ல டூ எக்ஸ். அந்தப் பொண்ணு சாக்பீஸைக் கீழ வச்சிருச்சு. ஒத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

அப்புறம் கோதையோட நோட்டை எடுத்து என் முன்னால வச்சாங்க. "இது யார் எழுத்து சார்?" என் வீட்டம்மா எழுத்து, பழைய நோட்டு நனைஞ்சுபோச்சு, அதைப் பாத்து எழுதினான்னேன். "பழைய நோட்டும் நான் பாத்திருக்கேன் சார். அதுல பதினேழு எடத்துல தப்பு இருந்துச்சு. இதுல ஒண்ணுகூட இல்லையே. பாத்து எழுதினா தப்பும் சேந்துல்ல வரணும்?"

நான் சொன்னேன், அது அவ கவனக்குறைவு மேடம். எதையும் உள்ளது உள்ளபடி எழுத வராது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து வடிவுகிட்டயும் சொன்னேன், நீ ஒழுங்காப் பாத்து எழுதாததாலதான் எனக்கு அவமானம்னு. "சரிங்க"ன்னா.

பன்னெண்டாவதுல இண்டக்ரேஷன். அது இன்னும் கூத்து. கணக்கெல்லாம் போட்டு முடிச்சு, கடைசியில ஒரு ப்ளஸ் சி போடணுமாம். அந்த சி எவ்வளவுன்னு கேட்டா தெரியாதாம். தெரியாததை எதுக்கு எழுதணும், அடின்னேன். "சரிப்பா"ன்னு அடிச்சா. ராத்திரி சாப்பிட்டதும் நான் படுத்துருவேன், அதுக்கப்புறம் அம்மாவும் மகளும் என்ன குசுகுசுன்னு பேசுவாங்களோ, சிரிப்பாங்களோ, எனக்குத் தெரியாது. பொம்பளைங்க பேச்சு.

ரிசல்ட் அன்னைக்கு நானே மொபைல்ல பாத்தேன். கோதை நம்பரைப் போட்டேன், பிறந்த தேதியைப் போட்டேன், கணக்குல தொண்ணூத்தி ஏழு. மூணு மார்க்கு எங்கன்னு வாயைத் திறக்குறதுக்குள்ள கோதை சொல்றா, "அப்பா, இன்னொரு நம்பர் இருக்கு, அதையும் பாருங்க." யாரோ ஃப்ரெண்டுன்னு நெனைச்சேன். போட்டேன். பிறந்த தேதி கேக்குது. என்ன தேதிம்மான்னேன். கோதை என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே ஒரு தேதியைச் சொன்னா. போட்டேன். ச. செண்பகவடிவு. தனித்தேர்வர். வணிகக் கணிதம் தொண்ணூத்தி நாலு.

யாரு இந்த ச. செண்பகவடிவு, உங்கம்மா பேரா இருக்கேங்குறேன். "அம்மாதான்ப்பா. ச-ன்னா சங்கரபாண்டி. தாத்தா பேரு."

சார், பொண்டாட்டி பிறந்த தேதி எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுராதீங்க. மாசம் தெரியும்.

வடிவு, கோதை எட்டாவது படிக்கும்போதே பத்தாவது கணக்கை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கா. அம்மா வீட்டுக்குப் போனதெல்லாம் அதுக்கு. அப்புறம் பதினொண்ணு. அப்புறம் பன்னெண்டு, மகளோட சேந்து. எனக்கு எப்ப சோறு போட்டா, எப்ப பரீட்சை எழுதுனா, ஒரு வேளை சாம்பார்ல உப்பு கூடியிருந்தாக்கூட கண்டுபிடிச்சிருப்பேன். கூடவே இல்ல. அதுதான் எனக்கு வருத்தம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னும் நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேனா? தொண்ணூத்தி நாலா வாங்கியிருப்பா?

பள்ளிக்கூடத்துல ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சால்வை போட்டாங்க. அந்த ஜெசிந்தாதான் ஏற்பாடு. நான் முன் வரிசையில உக்காந்திருந்தேன். மைக்கைக் கொடுத்து வடிவைப் பேசச் சொல்றாங்க. இவ என்ன பேசப்போறான்னு நான் குனிஞ்சுக்கிட்டேன். அவ நிதானமாப் பேசுறா, ஏதோ தினம் மேடையில ஏறுறவ மாதிரி. "எங்க வீட்டுக்காரர் தினமும் சத்தமாப் பாடம் நடத்துவாங்க. கேட்டுக்கிட்டே இருப்பேன். இவுக சொல்றது எங்கயோ இடிக்குதேன்னு தோணும். எங்க இடிக்குதுன்னு தேடுவேன். தேடித் தேடித்தான் கணக்கு வந்துச்சு. அவுக சத்தம் போடலேன்னா நான் இங்க நிக்க முடியாது."

கைதட்டல் அடங்க ரெண்டு நிமிசம் ஆச்சு சார். எல்லாரும் என்னையே திரும்பிப் பாக்குறாங்க. நான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன். பின்ன? மேடையில ஏத்தலேன்னாலும் உண்மை வெளிய வந்துருச்சுல்ல. ஒரே சத்தத்துல ரெண்டு பேரைப் பாஸாக்கியிருக்கேன். ஹால்ல ஒண்ணு, அடுப்படியில ஒண்ணு.

கோதையை இன்ஜினியரிங் சேரச் சொன்னேன். மாட்டேன்னுட்டா. பி.எஸ்ஸி. மேக்ஸ் எடுத்து கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கா. எதுக்கு அவ்வளவு தூரம், மதுரையில இல்லையான்னேன். "தூரமா இருந்தாப் பரவாயில்லப்பா"ன்னா. படிப்புல அவ்வளவு ஆர்வம். சாயங்காலம் போன் பண்ணுவா. நான் எடுத்தா, "நல்லாருக்கேன்ப்பா, சாப்பிட்டேன்ப்பா, அம்மாகிட்டக் கொடுங்க." அப்புறம் அவங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவாங்க. மேட்ரிக்ஸுங்குறா, வெக்டருங்குறா, இவ இங்க பேப்பர்ல கிறுக்கிக்கிட்டே "ஆமாட்டி, ஆமாட்டி"ங்குறா. இவளும் தபால்ல டிகிரி படிக்கிறாளாம்.

இப்ப வீட்டுல ட்யூஷன் வேற ஆரம்பிச்சுட்டா. பதினாலு பிள்ளைங்க, ஆறுலருந்து எட்டு மணி வரைக்கும். பக்கத்து வீட்டு பேங்க்காரர் தன் பேத்தியை முதல் ஆளாக் கொண்டுவந்து விட்டார். நானும் கூட உக்காந்து பாக்கலாம்னு ஒரு நாள் சேரைப் போட்டேன். பிள்ளைங்க நோட்டை விட்டுத் தலை நிமிரல. இன்னொரு நாள் போட்டேன். ரெண்டு பிள்ளைங்க மறுநாள் வரல. அப்புறம் வடிவு வந்து, மரியாதையாத்தான் சொன்னா, "என்னங்க, ஆறுலருந்து எட்டு வரைக்கும் காத்தாட வெளிய போயிட்டு வாங்களேன். நாள் பூரா மில்லுக்குள்ள அடைஞ்சு கிடக்கீங்க." என் உடம்பு மேல அவ்வளவு அக்கறை.

ஒரு நாள் ஏழரைக்கே திரும்பிட்டேன். தெருவுல வரும்போதே கேக்குது, வீட்டுக்குள்ள ஒரே சிரிப்புச் சத்தம். பிள்ளைங்களும் சிரிக்குது, அவளும் சிரிக்கிறா. கணக்கு நடக்குற வீட்டுல சிரிப்பு சத்தம் கேக்குது சார். உலகத்துல எங்கயாவது உண்டா? செருப்பைக் கழட்டாம வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் கோயில் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு எட்டு அடிச்சதும் வந்தேன்.

ராஜபாளையம் வந்துருச்சு பாருங்க. பழைய பஸ் ஸ்டாண்டுதானே உங்களுக்கு? இறங்குங்க, கைடை மறந்துராதீங்க.

நானா? இல்ல சார், எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. இதே வண்டிதான் ஏழேகாலுக்குத் திரும்பும், வீடு போய்ச் சேர எட்டு அடிச்சிரும். கண்டக்டருக்குத் தெரியும், போக வர ரெண்டு டிக்கெட்டையும் சேத்தே கிழிச்சுக் கொடுத்துருவார். டீ குடிக்க இறங்கலாம்தான். இறங்கினா ஜன்னல் சீட்டு போயிரும் சார்.